முனியாண்டியின் ஸ்டீரிங் பாக்ஸ்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் மூட்டையை ஸ்கேன் செய்த பெண் அதிகாரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். திரையில் மூன்றரை அடி நீளத்துக்கு ஒரு குழாயும், அதன் நுனியில் சுரைக்காய் அளவில் ஒரு இரும்புப் பெட்டியும் தெரிந்தன. பவானி ஜமுக்காளத்தில் சுருட்டி, சணல் கயிறு போட்டு நானே கட்டிய மூட்டை.

“இது என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“காருடைய ஸ்டீரிங் பாக்ஸ். எழுபது வயதாகிறது.”

“நீங்கள் மெக்கானிக்கா?”

“மாட்டு டாக்டர்.”

இந்தப் பதில் எதையும் தெளிவாக்கவில்லை என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. இருவரும் மலாயில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு மலேசியத் தமிழர், கேட்காமலே, அந்த ஊர் ‘லா’ போட்டு மொழிபெயர்த்தார். “ஒங்களுக்குப் பைத்தியமா, இல்ல நடிக்கிறீங்களான்னு பேசிக்கிறாங்க லா.” முதலில் சொன்னதுதான் சரி என்று சொல்லச் சொன்னேன். அவர் சொன்னாரோ இல்லையோ, விட்டுவிட்டார்கள்.

பைத்தியத்தின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் என்னிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார் இருக்கிறது. மூடிப்போன ஒரு மில்லின் ஷெட்டில், பஞ்சு மூட்டைகளுக்கு அடியில் கிடந்ததை வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றக் கம்பெனி வண்டி வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. வண்டிக்குப் பெயர் வைத்தும் கொஞ்சுவதில்லை. மாடுகளுக்கே நான் காதில் எண்தான் போடுகிறேன்.

அமெரிக்காவில் ஸ்டீரிங் இடது பக்கம். வெள்ளைக்காரன் ஆண்ட ஊர்களுக்கு மட்டும் வலது பக்கம் வைத்துக் கொஞ்சம் வண்டிகளை அனுப்பினார்கள். ஆகவே என் வண்டிக்கு என்ஜின் சாமான் வேண்டுமென்றால் அமெரிக்காவிலிருந்து வரும்; ஸ்டீரிங் பாக்ஸ் வேண்டுமென்றால் அமெரிக்காக்காரனே கையை விரிப்பான். என்னுடையதில் ஆட்டம் வந்துவிட்டது. ஸ்டீரிங்கைக் கால் சுற்று சுற்றினால், டயர் ‘என்னையா கூப்பிட்டாய்?’ என்று யோசித்து அப்புறம்தான் திரும்பும். மூன்று வருடம் முன்பு சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்குள் போகப் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். அன்றோடு வண்டியை ஷெட்டில் ஏற்றிவிட்டேன்.

என் மெக்கானிக் செல்வராஜ் அன்றே சொன்னான். “பிரிச்சுப் பாக்கலாமுங்க டாக்டரம்மா. உள்ள புஷ்ஷுன்னு ஒரு சின்ன வளையம்தான் தேஞ்சிருக்கும். லேத்துல குடுத்தா ஒரு மணி நேரம்.” நான் அவனைக் கையை எடுக்கச் சொன்னேன். அந்தப் பாக்ஸின் மூடி மேல், எழுபது வருடத்துக்கு முன் கம்பெனிக்காரன் வைத்த ஈய முத்திரை அப்படியே இருந்தது. முத்திரை உடையாத பாக்ஸ் உலகத்தில் எத்தனை இருக்கும்? பழைய கார்க்காரர்களுக்கு ஒரு வேதம் உண்டு: ஒரிஜினலைத் தொடாதே. தேய்ந்தது தேய்ந்தபடி இருக்கட்டும், தேயாத இன்னொரு ஒரிஜினலைத் தேடு.

தேடி மூன்று வருடம் ஆயிற்று. என் கணவர் சுந்தரம் சாதுவானவர். ஷெட்டில் தன் ஸ்கூட்டரை நிறுத்த இடமில்லாமல் மழையில் நிறுத்துகிறவர். கோத்தகிரியில் ஒரு ரிசார்ட்காரன், வண்டியைக் குறுக்கே பாதியாக அறுத்து, முன்பாதியை ஜூஸ் கவுண்டர் ஆக்கிக்கொள்கிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் வீட்டில் ஒப்பந்தம் ஆயிற்று. இந்த ஒரு பயணம். பாக்ஸ் கிடைத்தால் வண்டி ஓடும். வெறுங்கையோடு வந்தால் ஜூஸ். நான் சரி என்று கை கொடுத்தேன். கை கொடுத்த ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவில் எனக்காகக் காத்திருந்தவர் அருளப்பன். பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். என் வண்டியின் அதே மாடல், அதே வருடம், அவரிடம் இரண்டு. ஒன்று ஓடுகிறது. இன்னொன்றைச் சாமான் கழற்றிக்கொள்வதற்காகப் பன்னிரண்டு வருடம் முன்பு சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் வாங்கி, ‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்று அங்கேயே விட்டிருந்தார். இந்தப் பொழுதுபோக்கில் ‘அப்புறம்’ என்பது பன்னிரண்டு வருடம்தான். அதிலிருக்கும் பாக்ஸை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதையும் கொண்டுவரச் சொன்னதும் அவர்தான்.

ஊருக்குள் குனோங் ராபாட் என்ற இடத்தில் அவர் வீடு, ஒரு வரிசை வீடு. பின்னால் சுண்ணாம்புக் குன்று சுவர் மாதிரி நிற்கிறது. மருதமலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மலை என்றால் சற்றுத் தள்ளி மரியாதையாக நிற்க வேண்டும். இது துணி காயப்போடும் இடம் வரை வந்து நிற்கிறது. வாசலில் மாதா படமும், அதற்குக் கீழே ‘எல்’ போட்ட இரண்டு சின்னக் கார்களும் இருந்தன. அருளப்பன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவர் மனைவி ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது என் காரைப் பற்றி: “காடி ஒங்க வீட்டுக்காரரோடதா?”

“இல்லீங்க. என்னுது.”

“ஐயோ, அப்ப ரெண்டு பேரா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்துச் சொன்னார். “இங்க ஒண்ண வச்சே நான் செத்துக்கிட்டு இருக்கேன்.”

அன்று சாயங்காலம் வெந்த கோழியும் முளைப்பயறும் வாங்கிக் கொடுத்தார்கள். ஈப்போ முளைப்பயறு குட்டையாக, குண்டாக இருக்கும். அதற்குக் காரணம் இந்தக் குன்றுகளிலிருந்து வரும் தண்ணீர்தான் என்று அருளப்பன் அரைமணி நேரம் சொன்னார். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி ஊர் ஊராகப் பெருமை அடித்துக்கொண்டு திரிகிற கோயம்புத்தூர்க்காரியிடமே இந்தப் பேச்சா? இருந்தாலும் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அவருடைய ஓடும் வண்டியில் கிளம்பினோம். அவர் அதற்கு ரீட்டா என்று பெயர் வைத்திருக்கிறார், ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தே. ரீட்டாவில் ஏறி உட்கார்ந்து சீட்டைத் தடவிப் பார்த்தேன். அதே அகலமான சீட்டு, அதே பழைய ரெக்ஸின் வாசனை. மூன்று வருடமாக நிற்கிற என் வண்டி ஓடும்போது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அருளப்பன் தொழில் புத்தி போகாமல் வழியெல்லாம் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினார். “சிக்னல் போடாம திரும்புறான் பாருங்க. நம்ம ஸ்டூடண்ட்டா இருந்தா பெயில் லா.” இந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. காந்திபுரத்தில் ஒரு நாள் நின்று பழகிய காதுக்கு, ஏதோ பரீட்சை ஹாலுக்குள் போவது மாதிரி இருந்தது.

தாப்பா என்ற ஊர் தாண்டியதும் ரீட்டா இரண்டு தரம் இருமி, ரோட்டோரம் நின்றுவிட்டது. வெயிலில் என்ஜினின் பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகியிருந்தது. இந்த நோய் என் வண்டிக்கும் உண்டு. நான் ஈரத்துணி சுற்றுவேன். அருளப்பன் எதிர்க்கடைக்குப் போய் இரண்டு ஐஸ் டீ தாப்பாவ் வாங்கிக்கொண்டு வந்தார். தாப்பாவ் என்றால் பார்சல்; இங்கே பார்சல் டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுக்கிறார்கள். ஒன்றை என்னிடம் கொடுத்தார். நன்றி சொல்லி வாய் வைக்கும்போது, மற்றதைப் பெட்ரோல் பம்பின் மேல் தொங்கவிட்டுக் கட்டினார்.

ஒரு மலாய்க் குடும்பம் காரை நிறுத்தி, இறங்கி வந்து படம் எடுத்தது. அந்தப் பெண் தன் கணவரிடம் ஏதோ கேட்டாள். அருளப்பன் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: “அமெரிக்காக் காடி டீ குடிச்சாதான் ஓடுமான்னு கேக்குறா.” பத்து நிமிடத்தில் ஓடியது.

ரப்பர்த் தோட்டம் என்று அவர் சொன்ன இடத்தில் ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளில் ஏழெட்டில் மட்டும் ஆள் இருந்தார்கள். தோட்டத்துத் துரை ஓட்டிய வண்டி, பிறகு கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, ஓட்டி, கடைசியில் அருளப்பன் கைக்கு வந்தது. அதை எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “அங்கதான், அந்த மரத்தடியில. நல்ல நெழலு.” சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. ஏனென்று கிட்டப் போனதும் புரிந்தது.

நல்ல நிழல் என்று அவர் நிறுத்தியது முனியாண்டிக்கு நேர் முன்னால். வேதக்காரர், சூலத்தைக் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முனியாண்டி வண்டியை எடுத்துக்கொண்டுவிட்டார். நம் ஊரில் முனி குதிரையில் போவார். இங்கே ஆறு சிலிண்டர். டயர் தரையில் உரசாத அளவுக்கு முன்பக்கத்தைத் தூக்கிச் செங்கல் வைத்திருந்தார்கள். டயருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஹெட்லைட்டுக்குக் குங்குமம் வைத்து, பானெட் மேல் தகரக் கூரை போட்டிருந்தார்கள். முன் பம்பரில் சுருட்டும் ஒரு பாட்டில் ஸ்டவுட் பீரும்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க அண்ணா?”

“சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க லா டாக்டர்,” என்றார் அருளப்பன், வெட்கமே இல்லாமல்.

கோயிலைப் பார்த்துக்கொள்வது லெட்சுமி. என் வயதுதான் இருக்கும். செம்பனை ஆலையின் கேன்டீனில் வேலை; மற்ற நேரத்தில் பூசாரி. நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, கோபப்படாமல் யோசித்தார்.

“காடி அண்ணனோடதுதான், அத யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப ஓட்டுறது அவரு. அவரக் கேளுங்க. குடுத்தாருன்னா எடுத்துக்கிட்டுப் போங்க.”

கேட்கும் முறையையும் சொன்னார். முன் டயருக்குப் பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி, ஒரு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். கேட்கிறவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, கேட்க வேண்டியதை எல்லார் காதிலும் விழச் சொல்லிக் கையை விட வேண்டும். டயர் திரும்பிப் பழத்தைத் தொட்டால் சம்மதம். தொடாவிட்டால் இல்லை.

ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டேன். ஸ்டீரிங்கின் வலது கம்பியில் ஒரு வெண்கல மணி கட்டியிருந்தது. காங்கேயம் காளை கழுத்தில் கட்டினால் காளையே குனியும், அத்தனை கனம். கையை விட்டால் அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல மாட்டு டாக்டர் வேண்டாம். பழமும் வலது பக்கம்தான் இருந்தது.

“இந்த பாக்ஸை நான் எடுத்துக்கலாமுங்களா?” என்று கேட்டுக் கையை விட்டேன். மணி அடித்துக்கொண்டே ஸ்டீரிங் சுற்றியது. டயர் வழுக்கிக்கொண்டு போய்ப் பழத்தைத் தொட்டது.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சாமியால் அல்ல. அத்தனை இழைவாக ஒரு ஸ்டீரிங் திரும்பி நான் பார்த்ததே இல்லை. ஒரு மயிரிழை ஆட்டம் கிடையாது. லெட்சுமி வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு நல்லெண்ணெய் விட்டு வந்திருக்கிறார். குனிந்து பார்த்தேன். மூடி மேல் ஈய முத்திரை உடையாமல் இருந்தது. இந்த மாடலில் இதைவிட நல்ல பாக்ஸ் பூமியில் இருக்காது.

“குடுத்துட்டாரு,” என்றார் லெட்சுமி. “ஆனா ஒண்ணு. சாமி காடிய ஸ்டீரிங் இல்லாம விடக் கூடாது. நீங்க கொண்டாந்த சாமான மாட்டிட்டு இத எடுத்துக்குங்க.”

நானும் அருளப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்னுடையதை மாட்டினால் மணி சுற்றும், ஸ்டீரிங் சுற்றும். ஆட்டத்தில் டயர் மட்டும் அசையாது. அன்றோடு முனியாண்டி யாருக்கும் எதற்கும் சம்மதிக்க மாட்டார். அருளப்பன் என் காதருகே குனிந்து, “வாயத் தொறக்காதீங்க டாக்டர்,” என்றார். நானும் திறப்பதாக இல்லை. கண் முன்னே ஜூஸ் கவுண்டர் தெரிந்தது. அத்துவானக் காட்டில் நாலு பேர் பழத்தை வைத்து விளையாடுகிற விளையாட்டு, இதற்கு ஒரு ஒரிஜினல் பாக்ஸா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். நாகராஜன், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். எங்களைப் பார்த்துத் தயங்கி நின்றார். “கேளு மச்சான், வெளியாளு இல்ல,” என்றார் லெட்சுமி. அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “நாளைக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில எம் பொண்டாட்டிக்கு ஆப்பரேசன். நெஞ்சுல. கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலாமா?”

மணி அடித்தது. டயர் பழத்தைத் தொட்டது. அவர் ஸ்டீரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, “சரி, வாரேன்,” என்று போய்விட்டார்.

மாடு சாகுமா பிழைக்குமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். எனக்குத் தெரியும், அந்த ஆளுக்கு அந்த இரண்டு விரல் தூரம் எவ்வளவு பெரியது என்று. எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. “லெட்சுமி,” என்றேன், “என்னுது பழுதுங்க. அதை மாட்டினா டயர் திரும்பாது.”

அருளப்பன் வானத்தைப் பார்த்தார். லெட்சுமி சாதாரணமாகச் சொன்னார்: “அப்ப சரி பண்ணிக் கொண்டாங்க. சாமிக்கு ஒடஞ்ச சாமான் குடுக்கலாமா?”

திரும்பும் வழியில் அருளப்பன் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. ரீட்டாகூட இருமவில்லை. ஈப்போ எல்லை வந்ததும் அருளப்பன் சொன்னார்: “கமுந்திங்ல நம்ம தவுக்கே ஒருத்தரு இருக்காரு. நல்ல லேத்து. ஆனா தொறக்கணும். ஒங்க முத்திரைய ஒடைக்கணும்.”

“ஒடைங்க. சாமிக்குத்தானே.”

மூன்றாம் நாள் கமுந்திங். தொழிற்பேட்டையில் ஒரு ஷெட். தவுக்கே, அதாவது முதலாளி, பனியன் போட்ட சீனர், ஒரு கையில் கோப்பி, ஒரு கையில் உளி. என் முத்திரையைப் பார்த்தார். அது என்ன, எத்தனை வருடம், உலகத்தில் எத்தனை உண்டு என்றெல்லாம் நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் ஒரே தட்டு. எழுபது வருட ஈயம் தரையில் விழுந்து எங்கோ உருண்டு போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, தேய்ந்து போன ஒரு கன்மெட்டல் புஷ்ஷை என் உள்ளங்கையில் வைத்தார். மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மலாயில் ஏதோ சொன்னார்.

“இது ஒண்ணுதான் போயிருக்கு, மத்ததெல்லாம் தங்கம்ன்றாரு,” என்றார் அருளப்பன். “இதுக்கா ஏரோபிளேன்ல வந்தாங்கன்னு கேக்குறாரு.”

புதுப் புஷ் கடைந்து முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. செல்வராஜ் சொன்ன ஒரு மணி நேரம்கூட இல்லை. நிற்க வெட்கமாகி லேத் பக்கம் திரும்பிக்கொண்டேன். பச்சைப் பெயின்ட் அடித்த, வயதான, கட்டுமஸ்தான லேத். அதன் காலில் வார்ப்பிலேயே எழுத்துப் பொறித்திருந்தது. ஆங்கிலத்தில், பெரிதாக: கோயம்புத்தூர்.

அருளப்பனும் அதைப் பார்த்துவிட்டார். கடவுளே, இந்த மனிதர் பார்க்காமல் இருந்திருக்கக் கூடாதா! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தவுக்கேயிடம் மலாயில் விளக்கினார், தவுக்கே கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், பிறகு உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு அவர்களுக்கும் சொன்னார். தெருவுக்கு நாலு லேத் இருக்கிற ஊரிலிருந்து கடல் தாண்டி வந்து, எங்கள் ஊர் லேத்திலேயே புஷ் கடைந்துகொண்ட ஒரே பெண்பிள்ளை நான்தான்.

பாக்ஸைப் பூட்டி, குழாயின் நுனியைப் பிடித்துத் திருப்பினேன். திருப்பிய கணம் மறுநுனி திரும்பியது. ஆட்டம் இல்லை. மறுபடி திருப்பினேன். இன்னும் நாலைந்து தரம் திருப்பினேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள், ஏனென்றால் நான் அழுதுகொண்டிருந்தேன். மூன்று வருடம் அந்த வண்டியை ஷெட்டில் சாகவிட்டவள் நானேதான். எனக்காக அதைத் திறக்க மனம் வரவில்லை. முனியாண்டிக்கு என்றதும் வந்தது.

சுந்தரத்துக்குப் போன் செய்தேன். “கெடைச்சுதா?” என்றார். “வீட்டுலயே இருந்துச்சுங்க,” என்றேன். மழையில் ஸ்கூட்டர் நனைவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர். ஊருக்குப் போனதும் வேறு ஷெட் போட வேண்டும்.

நான்காம் நாள் மறுபடி தோட்டத்துக்குப் போனோம். சரி பண்ணியதைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, அந்த அற்புதமான பாக்ஸை நான் எடுத்துக்கொள்ளலாம். லெட்சுமிக்குத் தடை இல்லை. ஆனால் அதன் போல்ட்கள் துருவில் ஒட்டிப்போயிருந்தன. கழற்றினால் பாதி உடையும் என்றார் அருளப்பன். உடையாவிட்டாலும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. என்னுடையது போதும். இதைச் சொன்னதும், கோபமே வராத லெட்சுமிக்குக் கோபம் வந்தது.

“சாமி குடுக்குறேன்னு சொன்னத வேணாம்னு சொல்றதா? நீங்க பாட்டுக்குக் கேப்பீங்க, அவரு தருவாரு, அப்பறம் இல்ல வேணாம்பீங்களா? ஏறி ஒக்காந்து அவருகிட்டயே சொல்லுங்க.”

ஏறி உட்கார்ந்தேன். அவர் கீழே பழத்தை வைத்தார். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, “இதை இங்கேயே விட்டுட்டுப் போகலாமுங்களா?” என்று கேட்டுக் கையை விட்டேன். மணி அடித்தது. டயர் பழத்தைத் தொட்டது. எடுக்கலாமா என்றாலும் சரி. எடுக்க வேண்டாமா என்றாலும் சரி. இப்படி ஒரு சாமியை நான் எங்கும் பார்த்ததில்லை.

லெட்சுமிக்குக் கோபம் தணிந்துவிட்டது. பழத்தை எடுத்து என் கையில் கொடுக்க ஜன்னலருகே வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. “ஏனுங்க லெட்சுமி, இந்த மணி இந்தப் பக்கம் இருக்கறதாலதானே? இடது பக்கம் கட்டினா என்ன சொல்லுவாரு?”

அவர் பின்னால் திரும்பி, அருளப்பன் தூரத்தில் ரீட்டாவுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்:

“கட்டிப் பாத்தேன் டாக்டர். ஒரு வெள்ளிக்கெழமை. மூணு பேரு வந்து கேட்டாங்க, மூணு பேருக்கும் இல்லன்னுட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சிப் பாத்தா, மூணு பேருமே அவங்க நெனச்சதத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா பயந்துக்கிட்டே செஞ்சிருக்காங்க. அதான் திரும்ப இந்தப் பக்கமே கட்டிட்டேன்.”

பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே அருளப்பன், போலாமா என்று கையைக் காட்டினார். மணியைத் தொட்டுப் பார்த்தேன். கயிறு நைந்து, முடிச்சு தளர்ந்திருந்தது. இன்னும் பத்துப் பதினைந்து பேர் கேட்டால் கழன்று விழும். அதை அவிழ்த்து, அதே வலது கம்பியில், துள்ளுகிற காளைக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கிவிட்டு இறங்கினேன்.